ஹென்னிங் சுருதி

சனிக்கிழமை காலையில் யெஸ்பரின் தோட்டக் குடிலுக்குப் போனால் முதலில் ரொட்டி, பிறகுதான் பாட்டு. பேக்கரியிலிருந்து சூடாக வந்த வட்ட ரொட்டியைப் பிளந்து, வெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் அப்பி, பாலாடைக்கட்டி ஒரு பாதிக்கும் அவன் மனைவி பிர்தே காய்ச்சிய புளிப்பான ருபார்ப் தண்டு ஜாம் மறு பாதிக்குமாக வைத்துத் தின்ன வேண்டும். இரண்டாவது காபியும் முடிந்து, கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் கிடார்ப் பெட்டியைத் திறக்கலாம். வெண்ணெய்க் கையோடு கம்பியைத் தொட்டவர்கள் அன்றைய பாத்திரம் முழுவதையும் தேய்த்திருக்கிறார்கள். யெஸ்பர் வாரம் ஐந்து நாள் டென்மார்க்கின் ஆல்போர் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவன். சட்டதிட்டம் இல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது.

அன்று அக்டோபரின் கடைசி வெயில் சனிக்கிழமை. சாயங்காலம், குளிர்காலத்துக்காகக் குடிலின் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். அதோடு ஏப்ரல் வரைக்கும் தோட்டத்துக்குப் பூட்டு, பாட்டெல்லாம் யெஸ்பர் வீட்டுச் சமையலறையில்தான். ஆனால் யெஸ்பர் அன்று கொடிக்கம்பத்தில் கொடி ஏற்றியிருந்தான். முன்பு அவர்களோடு சேர்ந்து வாசித்த ஹென்னிங் மூன்று வருடம் கழித்து வருகிறான்.

விபெகே ரொட்டியைப் பிளந்தாள், வெண்ணெய் தடவினாள், தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"என்ன மகராணி, ரொட்டியோட பேச்சுவார்த்தை நடத்துறியா? அது தானா வாய்க்குள்ள வராது" என்றான் யெஸ்பர்.

"பசிக்கல."

"கேட்டியா பிர்தே? நாப்பத்தெட்டு வயசுல முதல் தடவையா இவளுக்குப் பசிக்கலியாம். டாக்டரைக் கூப்பிடு."

"நீ வாயை மூடிக்கிட்டு சாப்பிடு" என்றாள் பிர்தே. அவளுக்கு எல்லாம் தெரியும். குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். எந்தப் பிள்ளை எதற்கு அழப்போகிறது என்பது அவளுக்கு அரைமணி நேரம் முன்பே தெரிந்துவிடும்.

விபெகே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஊராருக்கு, 'இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்ததா' என்று கேட்டுக்கொண்டிருப்பவள், தன் காரியத்தில் ஏழு வருடமாக ஒன்றையும் தெளிவாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பெரிய வசனம் எதுவும் இல்லை. 'இங்கேயே இருந்துடேன், ஹென்னிங்.' அவ்வளவுதான். குளிக்கும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்ததில் தண்ணீர் ஆறிப்போனது.

அவள் காலடியில் ஒரு கிடார் இருந்தது. அவளுடையதல்ல, ஹென்னிங்குடையது. துறைமுகப் பழைய சாமான் சந்தையில் அவன் வாங்கி வந்த கிடார். அதில் கம்பிகள் வந்து முடிகிற கட்டை இருக்கிறதே, குதிரை, அது வாங்கும்போதே பாதி பெயர்ந்திருந்தது. கப்பல் எஞ்சின் பழுது பார்க்கிறவன் அல்லவா, அவனே பசை போட்டு ஒட்டினான். எஞ்சினுக்கு ஒட்டும் கை கிடாருக்கு ஒட்டவில்லை. கம்பியை முழுச் சுருதிக்கு ஏற்றினால் குதிரை மெல்லத் தலையைத் தூக்கும். அதனால் அவன் எப்போதும் அரைச் சுருதி கீழேயே வைத்துக்கொண்டான். ஒருத்தன் கீழே, மூன்று பேர் மேலே என்றால் கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். ஆகவே மற்ற மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். அதற்கு 'ஹென்னிங் சுருதி' என்றே பெயர் விழுந்தது.

நார்வேயில், பெர்கனில் வேலை கிடைத்துப் போகும்போது, "ஒரே வருஷம்தான். வந்து வாங்கிக்கறேன், பத்திரமா வெச்சிரு" என்று கிடாரை விபெகே கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவள் தன் கிடாரை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் இதையே சுமந்துகொண்டு வந்தாள். கிடார் வந்ததால் சுருதியும் கூடவே வந்தது.

யெஸ்பர் மாதம் ஒரு தடவையாவது மூக்கால் அழுவான். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பாதாளத்துலயே வாசிக்கறது? உன் கிடாரைக் கொண்டாயேன்."

"இது பழகிடுச்சு. மேல போனா அந்தப் பூனைப் பாட்டுல என் தொண்டை எட்டாது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பாள் விபெகே.

அந்த அடுத்த வாரம் மூன்று வருடமாக வரவே இல்லை.

பதினொரு மணிக்குப் படலைத் தள்ளிக்கொண்டு ஹென்னிங் வந்தான். கொஞ்சம் பெருத்திருந்தான், தாடியில் பாதி வெளுத்திருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. விபெகே எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். அவன் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். யெஸ்பருக்கும் அதே இரண்டு தட்டுத்தான்.

பார்க்கச் சோப்புக்கட்டி மாதிரி இருந்த நார்வேயின் பழுப்புப் பாலாடைக்கட்டி ஒன்று கொண்டு வந்திருந்தான்.

"இதை என்னடா பண்றது? திங்கறதா, துணி துவைக்கறதா?" என்றான் யெஸ்பர்.

"உனக்குத் துவைக்கறதுக்குத்தான். உன் சட்டையைப் பாத்தாலே தெரியுது."

"நாக்கு அப்படியேதான்டா இருக்கு. ஆளுதான் ஊதிட்டான்."

சிரித்தார்கள், தின்றார்கள். விபெகேவும் ஒரு வாய் தின்றாள். பழைய சனிக்கிழமை திரும்பி வந்துவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது. இதோ, இந்தக் காபி முடிந்ததும் சொல்லிவிடலாம்.

காபி முடியவில்லை. ஹென்னிங் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். சரிவில் ஒரு வெள்ளை மரவீடு, வாசலில் மழைச்சட்டை போட்ட ஒரு பெண்.

"நேத்து இங்க என் வீட்டை வித்துட்டேன். கையெழுத்துப் போடத்தான் வந்தேன். இது நாங்க வாங்கின வீடு. இது துரீட். ஆஸ்பத்திரியில நர்ஸு. ரொம்ப நல்லவ. உங்களைப் பத்தியெல்லாம் சொல்லியிருக்கேன்."

யெஸ்பர், "அடி சக்கை!" என்று முதுகில் அறைந்தான். பிர்தே படத்தைப் பார்க்கவில்லை, விபெகேவைப் பார்த்தாள்.

"வாசல் அழகா இருக்கு" என்றாள் விபெகே.  நாலு தடவை ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியத்துக்கு இனிமேல் வேலை இல்லை. அவனை அவள் குறை சொல்லவும் முடியாது. அவன் ஒரு வாக்கும் கொடுத்ததில்லை. ஒரு மழை நாளில் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தபோது தன் கோட்டைக் கழற்றி துணிப் பையில் இருந்த அவளுடைய கிடார் மேல் போர்த்தினான். கோட்டு கிடாருக்கு, காய்ச்சல் அவளுக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒருத்தி இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாள் என்றால் அவளைத்தான் சொல்ல வேண்டும்.

"சரி, கை கழுவிட்டு வாங்க. நாலு மணி ரயிலைப் பிடிச்சாத்தான் இவனுக்குக் கப்பல்" என்றான் யெஸ்பர்.

விபெகே கிடாரை எடுத்து ஹென்னிங்கிடம் நீட்டினாள். "உன்னோடது. பத்திரமா இருக்கு."

"அட, இது இன்னும் உயிரோட இருக்கா!" மடியில் வைத்துக் கம்பிகளை ஒருமுறை மீட்டினான். முகம் சுளித்தது. "என்ன இது, இப்படித் தொங்குது? சுருதி பாக்கறதே இல்லியா?" சொல்லிக்கொண்டே கிடாரின் தலையில் இருந்த திருகைப் பிடித்து முறுக்கினான். ஒரு கம்பி, இரண்டு, மூன்று.

யெஸ்பர் நாற்காலியிலிருந்து துள்ளினான். "டேய், டேய்! நிறுத்துடா! குதிரை பிச்சுக்கிட்டு மூஞ்சியில அடிக்கும்!"

"எந்தக் குதிரை?" என்றான் ஹென்னிங்.

விபெகேவுக்கு அதுதான் வலித்தது, அந்த வெள்ளை வீட்டை விடவும். அவனுக்காக மூன்று பேர் இத்தனை வருடம் கீழே நின்றிருக்கிறார்கள். அவனுக்கு அது நினைவில்கூட இல்லை.

"நீ ஒட்டின குதிரைடா!" என்றான் யெஸ்பர். "அது தாங்காதுன்னுதானே நாங்க எல்லாரும் ஹென்னிங் சுருதியில கிடக்கோம்!"

"ஐயோ, ஆமா! சுத்தமா மறந்துட்டேன்." ஹென்னிங் கிடாரைச் சாய்த்துப் பார்த்தான். நான்காவது, ஐந்தாவது கம்பியும் ஏறியிருந்தது. குதிரையை விரலால் அசைத்தான். அது இம்மியும் அசையவில்லை. "நான் ஒட்டினது மாதிரி இல்லியே. நல்லா உக்காந்திருக்கு."

"உடையாது" என்றாள் விபெகே. "கிடார் பண்றவர்கிட்ட குடுத்துச் சரி பண்ணிட்டேன். புதுசா ஒட்டியிருக்கு. எவ்வளவு வேணா ஏத்தலாம்."

"எப்போ?" என்று கேட்டான் யெஸ்பர்.

"ரெண்டு வருஷம் ஆச்சு."

 யெஸ்பருக்குப் பேருந்து ஓட்டும்போது இருக்கிற வேகம் யோசிக்கும்போது இருக்காது.

"ரெண்டு வருஷமாவா? அப்ப எதுக்கு நாங்க ரெண்டு வருஷமா..." என்றவன் பிர்தேயின் முகத்தைப் பார்த்தான். பிறகு விபெகேயின் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் வாராவாரம் அவர்கள் நடுவிலேயே மறைத்து வைத்திருந்தாள், ஒருத்தருக்கும் தெரியவில்லை, பிர்தேயைத் தவிர.

விபெகே குனிந்துகொள்ளவில்லை. மூடி மூடி வைத்தது போதும் என்று ஆகிவிட்டது. நேராக ஹென்னிங்கைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ வந்து உக்காந்தா அப்படியே சேந்துக்கணும்னு நினைச்சேன். நீ விட்ட எடத்துலயே எல்லாம் இருக்கணும்னு. உன் மேல தப்பு இல்ல. நான் சொன்னதே இல்லியே."

ஹென்னிங்கின் காது வரைக்கும் சிவந்தது.   கிடாரின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஏற்றிய கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினான். ஐந்தையும் இறக்கினான். காதை வைத்து ஒத்துப் பார்த்தான். யெஸ்பரும் பிர்தேயும் சத்தம் போடாமல் தங்கள் கிடார்களை எடுத்தார்கள்.

"பூனைப் பாட்டா?" என்றான் ஹென்னிங்.

"பூனைப் பாட்டு" என்றாள் விபெகே.

அது அவர்களே கட்டிய பாட்டு. பிர்தேயின் பூனை மூன்று வாரம் காணாமல் போய், நாலாவது தோட்டத்தில் மீனாகத் தின்று கொழுத்துத் திரும்பிய கதை. கடைசியில் குரலை மேலே தூக்கி, 'வீட்டுக்கு வா, கதவு திறந்துதான் இருக்கு' என்று ஒரு வரி. வழக்கமாக அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அன்று கீழ்ச் சுருதியில் நாலு பேரும் ஒன்றாக அதைப் பாடினார்கள். ஹென்னிங்கின் குரல் அவளுடையதற்குக் கொஞ்சம் அடியில், பழைய இடத்திலேயே வந்து நின்றது. இதற்குத்தான் காத்திருந்தோம், இது நடந்துவிட்டது என்று விபெகே நினைத்தாள். நடந்து முடியும்போது ஏக்கம் குறையும் என்று எதிர்பார்த்தாள். குறையவில்லை. அப்படியே மூன்று மணி வரைக்கும் வாசித்தார்கள்.

போகும்போது அவன் கிடாரை அவள் மடியில் வைத்தான். "இது உனக்குத்தான். சரி பண்ணினவ நீதானே." பிறகு, தயங்கி, "நான் ஒரு முட்டாள், விபெகே" என்றான்.

"ஆமா" என்றாள். "ரயிலுக்கு நேரமாச்சு."

படல் சாத்திக்கொண்டது. யெஸ்பர் கொடியை இறக்கி மடித்தான். பிர்தே கோப்பைகளைக் கடைசித் தண்ணீரில் கழுவினாள். யெஸ்பர் குழாயை அடைத்துவிட்டு வந்தபோது, விபெகே படிக்கட்டில் உட்கார்ந்து திருகைப் பிடித்து முதல் கம்பியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடமாக மேலே போகலாம், மேலே போகலாம் என்று அழுதவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னிக்கே வேணாம் விபெகே. கீழேயே இருக்கட்டும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்த வாரம்னு சொல்லியே மூணு வருஷம் போயிடுச்சு, யெஸ்பர். உன் கிடாரை எடு."

ஆறு கம்பியும் ஏறியது. குதிரை அசையவில்லை. யெஸ்பரும் பிர்தேயும் அவளோடு ஒத்துச் சுருதி சேர்த்தார்கள். அந்தக் குடிலில் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டு மேலே தொடங்கியது.

கடைசி வரி வந்தது. தொண்டை எட்டாது என்று அவள் மாதாமாதம் சொல்லி வந்த இடம். யெஸ்பர் அவளுக்காக மெதுவாக்கினான். தேவைப்பட்டால் தானே எடுத்துப் பாடிவிடலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். விபெகே கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். வீட்டுக்கு வா, கதவு திறந்துதான் இருக்கு. குரல் ஒரு சிரமமும் இல்லாமல், தெளிவாக, முழுசாக எட்டியது.

பாடி முடித்த பிறகுதான் அழுதாள். எதற்கும் கிண்டல் செய்கிற யெஸ்பர் வெறுமனே மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிர்தே மீதியிருந்த ரொட்டியைப் பிளந்து, வெண்ணெயைத் தடவி, கிடார் இருந்த அவள் கையிலேயே கொடுத்தாள்.