பச்சைக் கட்டத்துக்குள் வராத முகம்

காட்டேரிக்குக் கோரைப்பல் வைத்தாயிற்று. உதட்டோரம் ரத்தமும் வழியவிட்டாயிற்று. கேமரா எதையும் சட்டை செய்யவில்லை. நடிகர் திரும்பும் பக்கமெல்லாம், திரையில் அவர் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் ஒட்டிக்கொண்டே வந்தது.

"மனுஷன்தான்னு அடிச்சுச் சொல்லுது அண்ணி," என்றாள் கேமராவை இயக்கிக்கொண்டிருந்த நாத்தனார். "உங்க பல்லுக்கெல்லாம் மசியாது போலிருக்கு."

ஒப்பனைக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து வருடம் அடுத்தவர்களுக்குக் கீழே பவுடர் பூசியவள். ஒப்பனைப் பொறுப்பு முழுவதும் அவள் கைக்கு வந்த முதல் படம் இது. மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் கட்டம் விலகாவிட்டால் காட்டேரியின் முகத்தையே புதிதாக வரையச் சொல்லி கம்ப்யூட்டர் ஆட்களிடம் ஒப்படைத்துவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு மணி நேரம்தான்.

அவர் பிடிவாதத்தில் அர்த்தம் இருந்தது. பழைய படங்களில் காட்டேரி நிலைக்கண்ணாடியில் தெரியாது. இவர் கதை நடக்கும் ஊரிலோ தெருவுக்குத் தெரு கேமரா. முகத்தைக் கண்டதும் கட்டம் போட்டு, ஓர் ஆள் என்று எண்ணிக்கொள்ளும். காட்டேரியை மட்டும் எண்ணாது. ஒரு காலத்தில் மனிதனாக இருந்து, அதைத் தாண்டி வேறெங்கோ போய்விட்ட உயிர் அது. "கட்டத்தை அப்புறமா அழிச்சுக் காட்டறது ஏமாத்து வேலை," என்பார். "மெஷின் நிஜமாவே அதை ஆளா மதிக்கக் கூடாது."

நாத்தனார் அலுத்துப்போய்க் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கட்டம் ஒரு நொடி தடுமாறி, சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

"பாருங்க, இதுவும் ஆளாம்."

"உங்க அண்ணன் மாதிரிதான். கண்ணாடி போடலன்னா கதவுகிட்டயே பேசிட்டிருப்பாரு," என்று சிரித்த ஒப்பனைக்காரி பாதியில் நிறுத்தினாள். "இரு, இரு. திருப்பாத."

தலைகீழாகப் பொருத்தியிருந்த அந்தப் பிளக்கில் மேலே இரண்டு கறுப்பு ஓட்டை, நடுவே வெள்ளை, கீழே இன்னொரு கறுப்பு ஓட்டை. இந்தக் கேமராவுக்கு முகம் என்றால் அவ்வளவுதான். கண்குழி இருட்டாக இருக்க வேண்டும், மூக்குத் தண்டும் கன்னமும் வெளிச்சமாக இருக்க வேண்டும். பல்லும் ரத்தமும் பயமும் அதன் கணக்கிலேயே இல்லை. இத்தனை நாள் அவள் மனிதரைப் பயமுறுத்தத்தான் பூசியிருக்கிறாள்.

நடிகரை உட்காரவைத்து, எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். கண்குழிகளை எலும்பு வெளுப்பாக்கினாள். மூக்குத் தண்டிலும் கன்னங்களிலும் கரியைக் குழைத்து ஏற்றினாள். ஓரங்களை விரலால் தேய்த்துத் தேய்த்து, அது பூச்சல்ல, பிறவித் தோலே அப்படித்தான் என்று நம்பும்படி கரைத்தாள்.

"அக்கா, நான் எப்படி இருக்கேன்?" என்றார் நடிகர்.

"உங்கம்மா பார்த்தா கதவைத் திறக்க மாட்டாங்க."

அவர் கேமரா முன் நடந்தார். கட்டம் வரவில்லை. திரும்பினார், குனிந்தார், லென்ஸுக்குள்ளேயே எட்டிப் பார்த்தார். வரவில்லை. நாத்தனார் சத்தமில்லாமல் அண்ணியின் கையைக் கிள்ளினாள்.

அடுத்து கடிக்கும் காட்சி. பலியாகும் பெண்ணாக நடிப்பவள் நாற்காலியில் சாய்ந்தாள். அவள் முகத்தில் ஒழுங்காகக் கட்டம் விழுந்தது. காட்டேரி அவள் கழுத்தில் குனிந்து, அவள் பாதி முகத்தைத் தன் தலையால் மறைத்தது. கட்டம் அணைந்தது. பிறகு மறுபடி எரிந்தது, முன்னைவிடப் பெரிதாக.

"போச்சு," என்றாள் நாத்தனார்.

இயக்குநர் ஏற்கெனவே ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார். ஒப்பனைக்காரி திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். இது அவர் முகத்துல இல்ல. அவ முகத்துலயும் இல்ல."

கட்டம் இருவரையும் சேர்த்து வளைத்திருந்தது. அவள் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பெண்ணின் ஒரு கண் இங்கே. காட்டேரியின் கறுத்த கன்னம் அங்கே இன்னொரு கண். நடுவே அதன் வெளுத்த கண்குழி மூக்குத் தண்டாக நிற்கிறது. கீழே கழுத்தைக் கவ்விய வாய், இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே வாய்.

இயக்குநர் ஃபோனை மறந்துவிட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள்," என்று முணுமுணுத்தார். "கடிச்சதும் புதுசா ஒண்ணு பிறக்குது. தனியா அதை ஆளா மதிக்காத மெஷின், இதை மதிக்குது." ஒப்பனைக்காரி பக்கம் திரும்பினார். "திரும்ப வருமா? தற்செயலா வந்திருந்தா பிரயோஜனமில்லை."

"வரவைக்கிறேன்."

தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். கன்னத்துக் கறுப்பை ஒரு விரற்கடை வட்டமாக்கினாள். தாடையோரம் கொஞ்சம் வெளிச்சம் வைத்தாள். இரண்டாம் தடவை கட்டம் வந்தது. மூன்றாம் தடவை, பல் பதிந்த அதே நொடியில் வந்தது.

"கம்ப்யூட்டர் ஆளுங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்று இயக்குநர் உதவியாளரிடம் ஃபோனை நீட்டினார். "முகம் இங்கேயே இருக்கு."

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் கழுத்தைத் திருப்பாமலே திரையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அக்கா, இப்ப இதுல நான் எது?"

"அசையாத," என்றாள் ஒப்பனைக்காரி. "அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்."