கயிற்றுச் சந்தில் ஏழாவது ஆள்

1

1971ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை. காலையில் ஆலங்கட்டி, நண்பகலில் அது வெறும் மழையாக இளகியது, பந்தயம் தொடங்கும் வேளையில் மழை ஓய்ந்து, கிழக்கிலிருந்து புறப்பட்ட காற்று மேட்டு நிலத்துச் சேற்றின் மீது மெல்லிய தோல் ஒன்றைப் படரவிட்டது.

இக்கதை பிறந்த வரலாற்றை முதற்கண் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத ஒப்புக்கொண்டது இதுவன்று. எங்கள் ஹார்டன்லி ஓட்டக் கழகத்திலிருந்து நாட்டுக்காக ஓடியவர் ராய் ஃபெதர்ஸ்டன் ஒருவரே. கழகத்தின் ஆண்டு மலருக்கு அவருடைய நினைவுகளைத் தொகுத்துத் தருமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். நானும் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வெளிநாட்டுப் பந்தயங்களைப் பற்றிய என் எல்லாக் கேள்விகளுக்கும் அவர் ஒரே விடையையே அளித்தார்.

"போனேன், ஓடினேன், வந்தேன். சோறு நல்லா இல்ல. இதுல எழுத என்ன இருக்கு? அந்தச் சேத்து நாள் இருக்கே, வட்டாரப் பந்தயம், அத எழுது. அன்னைக்கு நான்தான் முதல்ல வந்தேன். ஒரு பய திரும்பிப் பாக்கல. எல்லாரும் வில்ஃபைத் தேடிட்டு இருந்தாங்க."

"வில்ஃப் எத்தனையாவதாக வந்தார்?" என்று கேட்டேன்.

"அதான கேள்வி," என்றார் ராய். அதன்பின் நான் கொண்டுபோன கேள்விகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

2

இனித் தொடக்கம். முதலில் எழுதியது இது:

வில்ஃப் ஆர்மிட்டேஜ் ஓடுவதற்கென்றே பிறந்த——

(கைவிட்டேன். அவன் சாயப்பட்டறையில் வேலை செய்வதற்கென்றே பிறந்தவன்போல்தான் எல்லாருக்கும் தோன்றினான். முழங்கை வரை நீலம்.)

இரண்டாவது:

வெற்றி என்பது யாதெனில்——

(இதையும் கைவிட்டேன். யாதெனில் என்று தொடங்கிய எவ்வாக்கியமும் எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: வில்ஃப், ஏழாவது ஆள்.

இதன் பொருளை இங்கேயே கூறிவிட வேண்டும். வயல்வெளிப் பந்தயத்தில் ஒரு கழகத்துக்காக ஒன்பது பேர் ஓடலாம்; ஆயினும் முதலில் வரும் அறுவரின் இடங்களே கூட்டப்படும். கூட்டுத்தொகை எக்கழகத்துக்குக் குறைவோ அக்கழகம் வெல்லும். பதக்கமும் அந்த அறுவருக்கே. ஏழாவதாக வருபவனும் அதே சேற்றில்தான் ஓடுகிறான், அதே வேலியைத்தான் தாண்டுகிறான். மாலையில் அவன் கைதட்டலாம். வில்ஃப் பத்துக் குளிர்காலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு பதக்கம் வேண்டும். எந்த நிறமாயினும் சரி. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

போட்டிக் கழகமான பிரெக்பியிலும் இப்படி ஒருவன் இருந்தான். டெனிஸ் கிராப்ட்ரீ, அஞ்சல்காரன், அங்கே நிரந்தர ஏழாவது ஆள். ஆகவே ஒவ்வொரு குளிர்காலத்திலும் இவ்விருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, எவருக்கும் பயன்படாத ஓரிடத்துக்காக உயிரைக் கொடுத்துச் சண்டையிட்டார்கள்.

3

இவ்விடத்தில் ஒரு தற்செயல் நிகழ வேண்டியிருக்கிறது. அதை எழுத எனக்கே கூச்சமாக உள்ளது. இரு கழகத்தாரும் அன்று ஒரே இரயிலில் வந்தார்கள். நிலையத்துக் கடையில் ஒரே தட்டிலிருந்து பன்றிக்கறி அப்பம் வாங்கித் தின்றார்கள். ஹார்டன்லியின் ஆறாவது ஆள் கீத் மர்கட்ராய்டும், பிரெக்பியின் ஆறாவது ஆளும், பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் வயிறு கெட்டு ஒரே முட்புதரின் இருபுறமும் ஒதுங்கினார்கள்; மீண்டும் ஓட்டத்தில் சேரவில்லை. (வாசகர் நம்ப மறுப்பாராயின் அவர்மீது குற்றமில்லை. நானும் ராயிடம் மறுத்துப் பார்த்தேன். "அந்த அப்பத்த நீ தின்னிருக்கணும்" என்றார்.)

இது வில்ஃபுக்குத் தெரியாது. கிராப்ட்ரீக்கும் தெரியாது. இருவரும் அன்று ஆறாவது ஆட்களாகிவிட்டதை அறியாமலே, ஏழாவது ஆட்களாக, உழுத வயலில் கால் புதையப் புதைய ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா வில்ஃப், இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"உன் பின்னாடி ஓடறதுக்கு உயிர் எதுக்குடா?"

"அப்ப முன்னாடி வாயேன்."

"வர்றேன். நீ மொதல்ல மூச்ச விடு, சாகப்போற மாதிரி இருக்க."

அது கேலியன்று. கடைசி வாயிற்படலைத் தாண்டியபோது கிராப்ட்ரீயின் முகம் மாவுநிறமாகியிருந்தது. கண்கள் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் வில்ஃப் அவனைத் தாண்டினான். கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டிய குறுகலான சந்து ஒன்று உண்டு. ஓடி முடித்தவர்கள் அதற்குள் வந்த வரிசை மாறாமல் நடக்க வேண்டும். மறுமுனையில் நிற்பவர் ஆளுக்கொரு இலக்கத் தகடு கொடுப்பார். தகட்டில் உள்ளதே அவரவர் இடம்.

சந்துக்குள் கிராப்ட்ரீயின் முழங்கால்கள் மடிந்தன. வில்ஃபின் முதுகில் சரிந்தான். பின்னால் வந்தவர்கள் முட்டினார்கள், யாரோ வைதார்கள். முன்னால் நிற்பவன் பின்னால் விழுந்தவனைத் தாங்க இயலாது. ஆகவே வில்ஃப் திரும்பி, அவனைக் கால்சட்டை வாரோடு பற்றித் தூக்கி, கயிற்றோரமாகச் சுழற்றித் தனக்கு முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனான். தகடுகள் அந்த வரிசையிலேயே விழுந்தன. முதலில் கிராப்ட்ரீக்கு, அடுத்தது வில்ஃபுக்கு.

ஏழாவது ஆளும் ஏழாவது ஆளும் இடம் மாறினால் யாருக்கு என்ன? அவன் அப்படித்தான் எண்ணினான். எண்ணினானா என்பதும் ஐயமே.

4

இங்கே என் நாயகன்மீது எனக்கொரு சந்தேகம் எழுகிறது.

முதற்படியில் நான் அவனைப் பெருங்கருணையாளனாக வரைந்திருந்தேன். "வீழ்ந்த எதிரியைக் கண்டதும் அவன் உள்ளம் உருகியது" என்றொரு வாக்கியம்கூட இருந்தது. இருபது நாள் இருந்தது. அதை ராயிடம் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் சிரித்துவிட்டு, "வில்ஃபுக்கு உள்ளமா? எட்னா போடுற டீ முதல் அம்பது பேருக்குத்தான் சூடா இருக்கும். வழிய மறைச்சிட்டுக் கெடந்தான், தூக்கி விட்டான்," என்றார்.

எனவே காரணம் தேநீர். ஆயினும் தேநீருக்காக விரைபவன், விழுந்தவனைக் கடந்து தன் போக்கில் முன்னே நடந்திருக்கலாமே? சந்தில் முன்னால் நின்றவன் அவனல்லவா? இவ்வினாவை ராயிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரவலாகக் கிடைத்த மனிதனிடத்தில் இதற்குமேல் துருவக்கூடாது போலும்.

5

பந்தயத் திடலோரம் தேநீர் ஊற்றும் குடிசையின் சுவரில் முடிவை ஒட்டினார்கள். பிரெக்பி முதலிடம், ஹார்டன்லி இரண்டாமிடம். வேறுபாடு ஒரே ஒரு புள்ளி.

கழகத் தலைவன் ஹெட்லி பூத்ராய்ட் அதன்முன் நின்றான். ஹார்டன்லி அதுவரை அந்த வட்டாரப் பட்டத்தை ஒருமுறையும் வென்றதில்லை. முழங்கால் தேய்ந்துபோன ஹெட்லிக்கு அது கடைசிப் பந்தயம். அவன் திரும்பி, தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்த வில்ஃபைப் பார்த்தான்.

"வாங்க ஆறாவது துரை."

"யாரு? கீத் எங்க?"

"புதருக்குப் பின்னாடி. இன்னும் அங்கதான் இருக்கான், போய்ப் பாரு. உனக்குப் பதக்கம் உண்டுடா வில்ஃப். ரெண்டாவது இடத்துப் பதக்கம்."

வில்ஃபுக்கு மகிழ்ச்சி வந்தது. மறைக்க முடியாத மகிழ்ச்சி. அது எத்தனை நொடி நீடித்தது என்று எழுதப் புகுந்து——

ஹெட்லி அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"டெனிஸ் கிராப்ட்ரீ உனக்கு முன்னாடியா வந்தான்?"

"இல்லையே. கோட்டுல நான்தான் முன்னாடி."

"அப்ப அவன் தகடு ஏன் உன்னுதுக்கு முன்னாடி இருக்கு?"

"சந்துல விழுந்துட்டான். தூக்கி முன்னாடி விட்டேன்."

"ஏன்டா தூக்குன?"

"மேல விழுந்தான் ஹெட்லி. என்ன பண்ணச் சொல்ற?"

ஹெட்லி விரலால் காற்றில் கணக்குப் போட்டான். இருவரையும் மாற்றிப் போட்டால் ஹார்டன்லிக்கு ஒன்று குறையும், பிரெக்பிக்கு ஒன்று கூடும். பட்டம் ஹார்டன்லியுடையது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் வில்ஃபுக்கு எளிதாக இருந்திருக்கும்.

இருவரும் நடுவரிடம் போனார்கள். கோட்டருகே நின்ற உதவியாளர், அறுந்துபோன கயிற்றைக் கட்டக் குனிந்திருந்ததால் அவ்விருவரையும் பார்க்கவில்லையாம். நடுவர் தம் கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"முறையீடு நாலு பத்து வரைக்கும்தான் எடுத்துப்பேன். அந்தப் பிரெக்பி ஆளே வந்து 'ஆமா, இவன் எனக்கு முன்னாடி'ன்னு சொன்னா மாத்திடறேன். உங்க வாய்ச் சொல்ல மட்டும் வெச்சு முடியாது."

"போ வில்ஃப்," என்றான் ஹெட்லி. "நான் வந்தா மெரட்டுன மாதிரி இருக்கும்."

6

கிராப்ட்ரீ குடிசைக்குள் அடுப்பருகே கம்பளம் போர்த்தி உட்கார்ந்திருந்தான். எட்னா அவன் கோப்பையில் நான்காவது கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குடி கண்ணு, செத்தவன் மாதிரி இருக்க. வில்ஃப், நீயும் உக்காரு. எடத்த அடைச்சிட்டு நிக்காத."

வில்ஃப் உட்கார்ந்தான். முழுவதையும் சொன்னான், அப்பத்தையும் சொன்னான். கிராப்ட்ரீ அப்பத்துக்குச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப நாங்க ஜெயிச்சது என்னாலயா?"

"உன்னாலதான்."

"பன்னெண்டு வருஷத்துல மொத தடவை நான் கணக்குல சேந்திருக்கேன், வில்ஃப். எங்க ஆளுங்க என்னைத் தோள்ல தூக்கணும்னாங்க. வாந்தி வரும்னு எறங்கிட்டேன்." அவன் கோப்பையைச் சுழற்றினான். "எனக்கு அந்த வாயிற்படல் வரைக்கும்தான் ஞாபகம். அப்புறம் எட்னா மூஞ்சிதான் ஞாபகம்."

"கோடு?"

"கோடே ஞாபகமில்ல. ஆனா நீ பொய் சொல்ற ஆள் இல்ல. வாய்ச்சண்டை போடுவ, பொய் சொல்ல மாட்ட." கிராப்ட்ரீ நேராக அவனைப் பார்த்தான். "நீ முன்னாடி இருந்தியா? நல்லாத் தெரியுமா? ஆமான்னு சொல்லு, இப்பவே எந்திரிச்சுப் போய்ச் சொல்லிடறேன். எங்க ஆளுங்க என்னை இரயில்ல ஏத்த மாட்டாங்க. பரவால்ல, நடந்து போறேன். நமக்கு நடக்கறது என்ன புதுசா?"

வில்ஃப் வாயைத் திறந்தான்.

ஹெட்லியிடம் சொன்னபோது அவனுக்கு ஐயமே இருக்கவில்லை. நடுவரிடமும் இருக்கவில்லை. இப்போது, தன் சொல் ஒன்றையே நம்பித் தன் கழகத்தாரின் பட்டத்தை எடுத்துக் கொடுக்கத் துணிந்த மனிதன் எதிரே அமர்ந்திருக்கையில், அவன் கோட்டை நினைத்துப் பார்த்தான். மரத்தூளைத் தூவிப் போட்ட கோடு. காலை மழை அதைப் பாதி கரைத்திருந்தது. முன்னால் வந்தவர்களின் கால்கள் மீதியைச் சேற்றோடு பிசைந்திருந்தன. அவன் கிராப்ட்ரீயைத் தாண்டியது உண்மை. எதற்கு முன்னால் தாண்டினான்? மரத்தூள் கண்ணில் பட்டதா, அன்றிக் கயிறுதான் கண்ணில் பட்டதா?

7

முதல் முடிவு. வில்ஃப் ஆம் என்கிறான். கிராப்ட்ரீ போய்ச் சொல்கிறான். ஹெட்லி அழுகிறான். அறுவருக்கும் முதற்பதக்கம். (எழுதி முடித்துப் படித்தேன். குறையொன்றுமில்லை. ஆனால் கிராப்ட்ரீ நடந்து செல்லும் சாலையை நான் எழுதாமல் விட்டிருந்தேன்.)

இரண்டாம் முடிவு. "நிச்சயமாத் தெரியல" என்று வில்ஃப் கூறுகிறான். பட்டம் பிரெக்பிக்கே. ஹெட்லி அவனிடம் அதன்பின்—— (இதில் நான் விரட்டிவிட்ட கருணையாளன் வேறு சட்டை அணிந்து திரும்பி வந்துவிட்டான். மேலும், அவன் உண்மையிலேயே முன்னால் வந்திருந்தால், இது நேர்மையா, ஹெட்லிக்குச் செய்த துரோகமா?)

மூன்றாம் முடிவு. இருவரும் பேசிக்கொண்டே இருக்க நேரம் கடந்துவிடுகிறது. (இது வில்ஃபின் கோழைத்தனமன்று, என்னுடையது. நீக்கிவிட்டேன்.)

ராய் அவ்வேளையில் குடிசைக்குப் பின்னால் தகரத் தொட்டி வெந்நீரில் கிடந்தார். எனவே வில்ஃப் கூறியது அவருக்குத் தெரியாது. பட்டம் எக்கழகத்துக்குப் போயிற்று என்பது மட்டும் தெரியும். விடைபெறும்போது வாயிலில் நின்று, "சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தெரிந்திருந்தால் வில்ஃபின் வாயில் அந்தச் சொல்லை நான் வைத்திருப்பேன். கிராப்ட்ரீ என்னிடம் கேட்கவில்லையே.

ஆதலின் எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். வில்ஃப் அடுப்பைப் பார்க்கவில்லை, சன்னலுக்கு வெளியே நின்ற ஹெட்லியையும் பார்க்கவில்லை. கிராப்ட்ரீயைப் பார்த்து விடை சொன்னான்.

"டெனிஸ், ——————."

"சரி," என்றான் கிராப்ட்ரீ. கம்பளத்தை மடித்து எட்னாவிடம் கொடுத்தான். எழ முயன்று தள்ளாடினான். வில்ஃப் அவனைக் கால்சட்டை வாரோடு பிடித்து நிறுத்தினான். இருவரும் சேர்ந்தே வெளியேறினார்கள். நடுவரின் மேசைக்கும் இரயில் நிலையத்துக்கும் அந்தக் குடிசையிலிருந்து ஒரே பாதைதான்.

பள்ளிப் பாடநூல்களில் பயிற்சியின் இறுதியில் ஒரு கட்டளை இருக்கும். அதையே இங்கு இடுகிறேன். கோடிட்ட இடத்தை நிரப்புக. நிரப்புமுன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்க: எதிரே இருப்பவன் நீங்கள் சொல்வதை அப்படியே நம்பப்போகிறான்.

நடுவர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேசையை மடித்தபோது மணி, மாலை நான்கு பத்து.