நாத்தனார் கொடுத்த அரை மணி நேரம்

பல் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, வாய் மரத்துப்போகட்டும் என்று காத்திருந்த நேரத்தில்தான் அவளுடைய போன் அதிர்ந்தது. அவள் வானியல் ஆராய்ச்சி செய்கிறவள். தொலைதூர கேலக்ஸி ஒன்றின் ஓரத்தில், நேற்றுவரை வெறுமையாக இருந்த இடத்தில், புதிதாக ஓர் ஒளிப்புள்ளி முளைத்திருக்கிறது என்றது செய்தி. நீல நிறம், மளமளவென்று பிரகாசம் ஏறுகிறதாம். அவள் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதிக்காத குறை.

இப்படி ஒன்றுக்காகத்தான் அவள் தவம் கிடந்தாள். சில ராட்சத நட்சத்திரங்கள் சாவதற்குச் சற்று முன்னால் தங்கள் ஹீலியத்தைச் சுற்றிலும் கக்கிவிடும். பிறகு வெடிக்கும்போது, சிதறியதெல்லாம் அந்த வாயுவில் போய் மோதும். பளிச்சென்று எரிந்து சட்டென்று மங்கிவிடும். சூட்டோடு சூடாக ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் ஹீலியம் இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்டு.

அதற்கான தொலைநோக்கி உலகத்தின் மறுபக்கத்தில், இருட்டிவிட்ட ஒரு மலைமேல் இருந்தது. இங்கே பட்டப்பகலில் ஆபீஸில் உட்கார்ந்து அதை இயக்கிக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார். வேலை செய்வது ஒரே இடத்தில். போட்டியோ ஓயாத போட்டி.

புள்ளி இருக்கும் இடத்தைக் குறித்து மெசேஜ் அனுப்பினாள். "முடியாது அண்ணி, இன்னிக்கு என் முறை" என்று பதில் வந்தது. சண்டை போட விரல் போதாது, வாய் வேண்டும். போன் போட்டாள்.

"ஈயியம்! ஈயியம்!"

"ஏன் அண்ணி அழறீங்க? அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

தலையில் அடித்துக்கொண்டு போனை டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"அழலைம்மா, நான் பல் டாக்டர் பேசறேன். ஊசி போட்டதுல வாய் மரத்துப்போச்சு. ஏதோ ஹீலியம்னு சொல்றாங்க."

"ஹீலியம்னு இன்னும் யாருக்குமே தெரியாதே டாக்டர்! நான் ஒரு கேலக்ஸியைப் பார்த்துட்டிருக்கேன், வெறும் நம்பிக்கைல என் நேரத்தைப் பிடுங்கினா எப்படி?"

அவள் தன்மேல் போர்த்தியிருந்த துணியை உருவி வீசினாள், அதில் ஓங்கி ஒரு குத்து விட்டாள், பிறகு உள்ளங்கையை விரித்து ஊதிக் காட்டினாள்.

டாக்டரம்மா பார்த்துப் பார்த்துச் சொன்னார்: "சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு அதுமேலயே போய் முட்டிக்குதாம். சீக்கிரம் காணாமப் போயிடுமாம். உங்க கேலக்ஸி எங்கயும் ஓடிடாதில்ல?"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "சரி, அரை மணி நேரம். ஆனா கட்டுரைல என் பேரும் வரணும்."

அவள் வேகவேகமாகத் தலையாட்டினாள்.

பல்லைக் குடைந்து அடைத்து முடிக்கும்போது, பிரித்த ஒளியின் வரைபடம் போனில் வந்தது. சரிந்து இறங்கும் நீல ஒளியின்மேல் குச்சி குச்சியாக ஹீலியக் கோடுகள். ஹைட்ரஜன் மருந்துக்கும் இல்லை. கோடுகள் மெல்லிசாக இருந்ததால், முன்பே கக்கப்பட்டு மெதுவாக விரியும் வாயுதான் ஒளிர்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அவள் கண்ணில் பொலபொலவென்று நீர்.

"வலிக்குதா?" என்று பதறினார் டாக்டரம்மா.

மறுநாள் அந்த மலையை மேகம் மூடியது. அது விலகுவதற்குள் நட்சத்திரம் பாதிக்குமேல் மங்கிவிட்டது. அந்த வாரக் கடைசியில் நாத்தனார் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். வாயுவின் வேகத்தை இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். எதிலும் ஒத்துப்போகாத அந்த இருவருக்கும் ஒரே விடை வந்தது. நம்ப முடியாமல் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்கள்.