தப்பில்லாமல் ஒரு தப்பு

எங்கள் ஹெவி மெட்டல் குழுவில் என்னைத் தவிர எல்லோரும் நன்றாக வாசிப்பார்கள். அய்மான் கிட்டார். அலெக்சி டிரம்ஸ். நான் பேஸ் கிட்டார். அவர்கள் பாட்டை முடித்துவிட்டு எனக்காகக் காத்திருப்பது வழக்கம்.

“ஜூலை பதினாலு நிகழ்ச்சியில நீ தப்பு விட்டா வேற ஆள் பாத்துக்கறோம்டா,” என்றான் அய்மான். கோபமில்லாமல் சொன்னான், அதனால் நிஜமாகவே செய்வான் என்று தெரிந்தது. புதுச்சேரி மூலக்குளத்தில் என்னை நாலு பேருக்குத் தெரிகிறதென்றால் அந்தக் குழுவால்தான்.

அப்போதுதான் அலெக்சியின் பெரியப்பா மகள் க்ளெமான்ஸ் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தாள். “எப்பப் பாத்தாலும் மெட்டல்தானா? இதையும் கேளுங்க,” என்று ஒரு சிடியைக் கொடுத்தாள். எழுபதுகளின் பங்க் பாட்டுகள். அலெக்சி கம்ப்யூட்டரில் காப்பி போட்டுக்கொண்டதும், ஒரிஜினலோடு அவள் காரைக்கால் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பாட்டுக்கு மூன்றே கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு. சோலோ கிடையாது. கிட்டாரில் சுருதி சேரவில்லை, பாடுகிறவர் நடுவில் இருமுகிறார், டிரம்ஸ் முந்திக்கொண்டு ஓடுகிறது. இப்படி வாசித்தும் சிடி போட்டிருக்கிறார்கள். உலகத்தில் நம்ம ஆட்களும் இருக்கிறார்கள் என்று நெஞ்சு நிறைந்தது.

அய்மான் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டான். “ஜூலை பதினாலுக்கு இதைத்தான் வாசிக்கறோம். எல்லாத் தப்பையும் தப்பில்லாம வாசிக்கணும்,” என்றான்.

அலெக்சி வீட்டில் பூச்சு முடியாத மாடியில் பயிற்சி நடந்தது. இருமலுக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கப் போனது. ஒரு பாட்டின் நடுவில் இசை திக்கித் திக்கி நிற்கும், ஒரே துண்டு மறுபடி மறுபடி வரும். “இதுதான்டா ஆல்டர்நேட்டிவ்,” என்றான் அய்மான் மரியாதையோடு. அந்தத் திக்கல் எனக்கு வரவே இல்லை. தினமும் திட்டு வாங்கினேன்.

ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் சாயங்காலம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற நம்மூர் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அலெக்சியின் அப்பாவும் அவர்களில் ஒருவர். க்ளெமான்ஸ் காரைக்காலிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தாள்.

அய்மான் சரியான இடத்தில் இருமினான். திக்கல் வந்தது. அவனும் அலெக்சியும் அச்சு அசலாகத் திக்கினார்கள். அலெக்சியின் அப்பா எழுந்து போய் ப்ளக்கை அழுத்திப் பார்த்தார். ஒரு சொல்தா காலால் தாளம் போடுவதைப் பார்த்த சந்தோஷத்தில் நான் திக்க மறந்து நேராகப் போய்விட்டேன். என் கதை முடிந்தது என்று தெரிந்தது. அழுகை வந்தது. வாசித்துக்கொண்டே அழுதேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் க்ளெமான்ஸ் வந்தாள். “நடுவுல ஏன் ரெண்டு பேரும் நின்னுட்டீங்க? இவன் மட்டும்தான் பாட்டை ஒழுங்கா வாசிச்சான்.”

பையிலிருந்த ஒரிஜினலை எடுத்து மேடை சவுண்டு செட்டில் போட்டுக் காட்டினாள். பாட்டு எங்கேயும் திக்கவில்லை. எங்கள் காப்பிதான் சரியாகப் பதியவில்லை.

அய்மான் கடைசிவரை கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். “உனக்கு எப்பிடிடா தெரிஞ்சுது?”

“தெரியாது. மறந்துட்டேன்.”

அவன் கிட்டாரை உறையில் போட்டு மூடினான்.

“வியாழக்கிழமை பிராக்டிசுக்குச் சீக்கிரம் வந்துடு,” என்றான். “மறக்கறது எப்பிடின்னு எங்களுக்கும் சொல்லிக்குடு. தப்பில்லாம மறக்கணும்.”