நாலு விரற்கடை

பிடரியில் ஆணி அடித்தது போல வலித்தது. பேச்சிமுத்து இருபத்தோராவது வாழைத்தாரைக் களத்தில் இறக்கிவிட்டு, தலையை நிமிர்த்த முடியாமல் சும்மாட்டுத் துணியாலேயே கழுத்தைத் தேய்த்தான். எட்டு மாதத்துக்கு முன் இதே தோட்டத்தில் அவன் டிராக்டர் டிரைவர். இப்போது சுமை தூக்குகிறான்.

நடந்தது உத்தமபாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். களையெடுப்புக்கு ரோட்டோரமாக நடந்து போன பூமாரியை அவன் ஓட்டிய டிராக்டரின் டிரெய்லர் அடித்துச் சாய்த்தது. அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டினான் என்றது ஊர். அன்றைக்கு அவன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. மற்ற நாட்களில் தொட்டிருந்ததால் அவன் சத்தியம் எடுபடவில்லை. முதலாளி அலி அக்பர் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டி கேஸில் கிடந்து, திரும்பி வந்தும் ஷெட்டிலேயே நின்றது. துபாயிலிருந்து வந்த அவர் மகன் தௌபீக்தான் நாலு நாளாக அதை வெளியே எடுத்து ஓட்டுகிறான்.

தௌபீக் வண்டியைக் களத்தில் நிறுத்திவிட்டுக் குதித்தான்.

"அத்தா, இந்த டிரெய்லர் நேரா வரமாட்டேங்குது. பின்னாடி இடது பக்கமாவே ஒதுங்கி ஒதுங்கி வருது. வாய்க்காச் செவுத்துல இப்ப இடிச்சிருப்பேன்."

"ஏலே பேச்சி, ஒன் சரக்கு வாட இன்னும் வண்டியில இருக்குபோல" என்றான் கூடச் சுமை தூக்கும் சுருளியாண்டி. "தம்பிக்கும் ஏறிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பேச்சிமுத்து எழுந்தான்.

"மொதலாளி, ரெண்டு சக்கரமும் ஒரே தூரத்துல இருக்கான்னு ஒரு கயிறு போட்டுப் பாத்துரவா?"

அலி அக்பர் தலையாட்டினார்.

நைலான் கயிற்றின் ஒரு நுனியை, டிரெய்லரை டிராக்டரோடு மாட்டும் இரும்புப் பின்னில் வைத்துத் தௌபீக்கைப் பிடிக்கச் சொன்னான். மறுபக்கத்தை வலது சக்கரத்தின் நடுக் குடம்வரை இழுத்து, தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டான். அதே கயிற்றை இடது சக்கரத்துக்குக் கொண்டுவந்தான். முடிச்சு குடத்துக்கு எட்டவில்லை. நாலு விரற்கடை குறைந்தது.

வண்டிக்கு அடியில் நுழைந்து பார்த்தான். இடது பக்கம் ஆக்சிலை வில்லுப்பட்டையோடு பிடித்து வைக்கும் போல்ட் அறுந்து, ஆக்சிலின் அந்த முனை பின்னால் நகர்ந்திருந்தது. அறுந்த இடத்தில் பழைய துரு.

"அப்ப அன்னைக்கும் இது கோணலாத்தான் வந்திருக்கு" என்றார் அலி அக்பர். "ஊரோட சேந்து நானும் ஒன்னக் குடிகாரன்னு பேசிட்டேன். நாளைக்கே இதச் சரி பண்ணி நீயே ஓட்டு பேச்சி. டீக்கடையில நாலு பேரு முன்னாடி நானே சொல்றேன்."

எட்டு மாதமாக அவன் கேட்கக் காத்திருந்த பேச்சு.

தௌபீக் இடது டயர் பக்கம் குத்தவைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தான். டயரின் ஓரம் முழுக்க மழுங்கி, உள்ளே நூல் தெரிந்தது.

"நான் ஓட்டுனது நாலு நாளு. அதுக்குள்ள இப்படியா தேயும்? ஒங்களுக்கு முன்னமே தெரியலையாண்ணே?"

தெரியாது என்று சொன்னால் போதும். மூன்று பேரும் நம்பத் தயாராக நின்றார்கள். பேச்சிமுத்து கயிற்றைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான்.

"தெரியும்."

"என்னடா சொல்ற?"

"பொங்கலுக்கு முந்தியே இழுக்க ஆரம்பிச்சிருச்சு மொதலாளி. திரும்பித் திரும்பிப் பாத்து, வலது பக்கமா ஒடிச்சுத்தான் ஓட்டுனேன். சொன்னா நீக வண்டியப் பட்டறையில விடுவீக. தாரு வெட்டுற நேரம், பத்து நாளு கூலி போயிரும்னு வாய மூடிக்கிட்டேன்." கயிற்றைக் கீழே போட்டான். "அன்னைக்கு ஒருதரம் திரும்பிப் பாக்கல."

சுருளியாண்டி அடுத்த தாரைத் தூக்கப் போனான்.

குடிகாரன் என்ற பேர் இனி அவனுக்கு இல்லை. வடுகபட்டியில் தன் தங்கச்சி வீட்டில், நீட்ட வலது கால் இல்லாமல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள் பூமாரி. அவளுக்கு அவன் ஒரு கால் கடன்பட்டிருந்தான்.