ஜாடிக்குள் இருந்தவை

பெரியவள் உயிரியல், கடைசி வருஷம். தம்பி வணிக நிர்வாகம், இரண்டாம் வருஷம். ஒரே கல்லூரி, எதிரெதிர்க் கட்டடம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, "இவ தவளையை அறுக்கிறா, அவன் ஊரையே வாங்கி விக்கப் போறான்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முழுக்கத் தம்பிக்குத்தான். தவளைக்கு அதில் ஒரு துளிகூடக் கிடையாது.

உயிரியல் கட்டடத்தில் மாதிரி அறை என்று ஒன்று உண்டு. ஃபார்மலின் திரவத்தில் ஊறிய தவளை, பாம்பு, கடல் அட்டை, பிறக்காமலே போன ஆட்டுக்குட்டி எல்லாம் கனத்த கண்ணாடி ஜாடிகளில் கண் திறந்தபடி நிற்கும். அந்த அறையின் சாவி அந்தப் பருவம் முழுக்க அவள் பொறுப்பு. ஒருநாள் தம்பி கேட்டான்.

"அக்கா, சாவி குடேன். எங்க ஸ்டால் போஸ்டருக்கு ரெண்டு போட்டோ எடுத்துட்டுத் தந்துடறேன்."

"எதையும் தொடாத."

"தொடவே மாட்டேன், சத்தியமா."

மாலையே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே டீயும் வாங்கிக் கொடுத்தான். தம்பி காசில் டீ குடித்த அதிசயத்தில் அவளுக்குச் சந்தேகம் வராமல் போய்விட்டது.

அந்த வார இறுதியில் வணிக நிர்வாகத் துறையின் தொழில் கண்காட்சி. மைதானம் முழுக்கப் பந்தல். தம்பியும், எல்லோரும் 'சேர்மன்' என்று கூப்பிடும் அவன் கூட்டாளியும் போட்ட கடை முன்னால்தான் பெருங்கூட்டம். கண்ணாடி ஜாடிகளின் கழுத்தில் சணல் கயிறு, பழுப்புக் காகித லேபிள், உள்ளே தேனில் ஊறிய பழத்துண்டுகள். லேபிளில் 'ஆதி: கலப்படமே இல்லாத சுவை' என்று எழுதியிருந்தது. சேர்மன் கோட்டும் டையுமாக நின்று, "பழைய காலத்துக் கண்ணாடி சார், இப்பல்லாம் இது கிடைக்கவே கிடைக்காது" என்று அளந்துகொண்டிருந்தான்.

அப்பாவும் வந்திருந்தார். முதல் போணி அவருடையதுதான். கரண்டியும் கையுமாகச் சப்புக்கொட்டியபடி மகளைக் கூப்பிட்டார்.

"வா வா, உன் தம்பி கைவரிசையைப் பாரு. ஒரு வாய் சாப்பிடு."

கரண்டி வாய்க்குப் பக்கத்தில் வந்தபோதுதான் அந்த வாடை தட்டியது. தேனின் தித்திப்புக்கு அடியில், மூக்கின் உச்சியில் ஊசியாய்க் குத்தும் வாடை. மூன்று வருஷமாக அவள் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வாடை. அவள் ஜாடியை வாங்கித் திருப்பினாள். விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தது. போன வருஷம் அவள் விரலைக் கிழித்த அதே விளிம்பு. அன்று அந்த ஜாடிக்குள் பாம்பு இருந்தது.

"அப்பா, துப்புங்க."

"என்னடி?"

"முதல்ல துப்புங்கப்பா!"

அவர் ஏற்கெனவே விழுங்கியிருந்தார்.

அவள் ஓடினாள். மாதிரி அறை அலமாரிகளில் முன்வரிசை மட்டும் அப்படியே இருந்தது. பின்வரிசைகள் காலி. கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டியருகே ஈ மொய்க்கும் இரைச்சல் கேட்டது. தொட்டிக்கு வெளியிலேயே எல்லாம் கொட்டிக் கிடந்தன. வெளிறிய தவளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாம்பு வெயிலில் சுருங்கி, செருப்பு வாராகிக் கிடந்தது. ஆட்டுக்குட்டியின் வயிற்றைக் காக்கை கொத்தியிருந்தது. அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். செத்ததைப் பார்த்து அல்ல. அறுத்து அறுத்து அந்தக் கூச்சம் எப்போதோ போயிருந்தது. இதைக் கொட்டிய கைதானே வீட்டில் அவள் தட்டில் சோறு போடுகிறது என்ற நினைப்பில்தான்.

திரும்பி வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"எதுல போட்டு விக்கிறடா?"

அவன் முகம் வெளுத்தது. "நல்லா கழுவினோம்கா. சோப்பு போட்டு, வெந்நீர் ஊத்தி..."

"அது கழுவினா போற விஷமாடா? அப்பா சாப்பிட்டிருக்காரு!"

சேர்மன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, கூட்டத்துல வேணாமே. யாருக்கும் தெரியப்போறதில்ல. மறுபயன்பாடுன்னு ஒரு கதை சொன்னா இன்னும் நல்லாவே போகும்."

சத்தம் கேட்டு வணிக நிர்வாகப் பேராசிரியர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். நெற்றியைத் தடவியபடி ஜாடியை வெயிலில் தூக்கிப் பார்த்து, "பேக்கேஜிங் பிரமாதமாத்தாம்மா இருக்கு" என்றார்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. பக்கத்துக் கடை நாற்காலியில் ஏறி நின்று, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "யாரும் சாப்பிடாதீங்க! இது தவளையும் பாம்பும் ஊறவெச்ச ஜாடி!"

ஆளாளுக்குத் துப்பினார்கள். ஒரு அம்மா குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். கல்லூரி நர்ஸ் ஓடி வந்தார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நெஞ்செரிச்சலோடு தப்பினார். விற்ற ஜாடிகளைத் திருப்பித் தரச்சொல்லி மைக்கில் கெஞ்சினார்கள். பெரும்பாலும் வந்துசேர்ந்தன.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன இருந்தாலும் நாலு பேர் முன்னால அவனை அப்படி அசிங்கப்படுத்தியிருக்க வேண்டாம். தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

பாம்பு ஜாடித் தேனைவிட அந்த வார்த்தைதான் அவளுக்கு அதிகம் குமட்டியது.

மறுநாள் காலை தம்பியை எழுப்பினாள். "வா."

கையுறையை நீட்டினாள். குப்பைத் தொட்டியருகே அவனே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தான். தவளைகள் விரலுக்குள் பிசுபிசுத்து நழுவின. ஆட்டுக்குட்டியைத் தூக்கியபோது பாதி வந்தது, பாதி மண்ணிலேயே ஒட்டிக்கொண்டது. அவன் ஓரமாக ஓடி வாந்தியெடுத்தான். அவள் தண்ணீர் கொடுத்தாள். முதுகைத் தடவவில்லை.

"மிச்சத்தையும் எடு" என்றாள்.

எடுத்தான்.

இதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த வாரம் பேராசிரியர் அந்தச் சம்பவத்தையே வகுப்பில் பாடமாக வைத்தாராம். நெருக்கடியில் சிக்கிய பிராண்டை எப்படி மீட்பது என்பது தலைப்பு. சேர்மன் எழுந்து, படங்களோடு பேசிக் கைதட்டல் வாங்கினான். "வாடிக்கையாளர் பயத்தை நம்ம பக்கம் திருப்பணும்" என்றானாம். பேராசிரியர் தம்பியைப் பார்த்து, "நீயும் வந்து உன் அனுபவத்தைச் சொல்லுப்பா" என்றார். தம்பி எழுந்தான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் அப்போது உயிரியல் கட்டடத்துப் படியில் உட்கார்ந்து நுண்ணோக்கியின் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னான். செருப்பைப் பார்த்தபடியே கேட்டான்:

"இன்னும் கோபமாக்கா?"

"கோபம் போயிடுச்சு. உன்னைப் பார்த்தா அருவருப்பா இருக்கு. அது போகல."

"தெரியும். எனக்கும்தான்."

அவன் அழுவான் என்று நினைத்தாள். அழவில்லை. அவள் ஒரு துணியைக் கிழித்துப் பாதியை அவன் பக்கம் போட்டாள். அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தகட்டை எடுத்தான்.

"விளிம்பைப் பிடி. நடுவுல விரல் படக்கூடாது" என்றாள்.