சந்தனத்துக்கு ஒரு வார்த்தை

கரண்ட் போன நேரத்தில் மாரிச்செல்வி "கிளட்டன்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஐம்பது தறிகளும் ஒன்றாக நின்றுவிட்டன. ராஜபாளையத்துக்கு வெளியே இருக்கும் அந்த பேண்டேஜ் துணித் தறிக்கூடத்தில், பகல் முழுக்க யார் என்ன கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரிக்குக்கூடக் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் ஐந்து மாதமாக வாய்விட்டுப் படித்துவந்தாள். இப்போது அந்த ஒரு சொல் மட்டும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பிவந்தது. அவள் பார்த்துக் கத்தியது பக்கத்துத் தறி ஞானபாக்கியத்தை. ஞானபாக்கியம் வாய் நிறைய முறுக்கோடு திரும்பினாள்.

"ஏட்டி, யாரைச் சொன்ன?"

மறைக்க வழியில்லை. மத்திய அரசு அலுவலகங்களில் கடைநிலைப் பணிக்கான தேர்வு அடுத்த மாதம் மதுரையில் நடக்கவிருந்தது. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஆங்கிலத்தில் சறுக்கியிருந்தாள். இதை விட்டால் வயது தாண்டிவிடும். மூன்றாவது முறையும் ஆளாளுக்கு "என்னாச்சு?" என்று கேட்பதைத் தாங்க முடியாதென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இலவச வகுப்புக்குப் போவதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. அங்கே பாலகணேஷ் சார் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். மனிதர்களைக் குறிக்கும் முந்நூறு ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் அதே அர்த்தத்தில் ஒரு ஜோடிச் சொல். செட்டியார்பட்டி வீட்டில் உட்கார்ந்து படித்தால் காலையில் படித்தது மாலையில் இருக்காது. ஒருநாள் தறியில் நின்றபடி வாசலில் மேஸ்திரியைப் பார்த்தபோது 'மைசர்' என்ற சொல் தானாகப் போய் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு அது போகவே இல்லை. அன்றிலிருந்து தறிக்காரிகள், கூடத்துக்கு வந்துபோகிறவர்கள், ஊர்க்காரர்கள் என்று ஆளுக்கு ஒன்று, இரண்டு வைத்துக்கொண்டாள். முந்நூறில் இருநூற்றுப் பத்து ஆகியிருந்தது. தறிகளுக்கு நடுவே நடக்கும்போது, இவர்கள் எல்லோரையும் ஒரு மொழியில் எழுதி வைத்திருக்கிறோம், இவர்களுக்கே அது தெரியாது என்ற நினைப்பு அவளைக் கொஞ்சம் உயரமாக நடக்கவைத்தது.

"பரீச்சைக்கு முந்நூறு வார்த்தை படிக்கேன்க்கா. மறந்துரக் கூடாதுன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வார்த்தை வச்சிருக்கேன்."

"எனக்கு வச்சதுக்கு என்ன அர்த்தம்?"

"நல்லாச் சாப்பிடுற ஆளு."

"பெருந்தீனிக்காரின்னு சொல்லேன். இதுக்குப் போயி இங்கிலீஸா? எங்க மாமியா இருபது வருசமாத் தமிழ்லயே சொல்லுது."

கூடமே சிரித்தது. போன வாரம் சேர்ந்த பெண், தனக்கு வைத்த 'நோவிஸ்' என்றால் கத்துக்குட்டி என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தாள். மேஸ்திரியின் வார்த்தையை வாசலைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னபோது, "கஞ்சனுக்கு அம்புட்டுச் சின்ன வார்த்தையா, பத்தாதுட்டி" என்றாள் ஞானபாக்கியம். மூன்றாவது முறை எழுதுவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் வார்த்தைதான் வேண்டியிருந்தது.

எதிர்த் தறியில் சந்தனம் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நான்கு தறி ஓட்டினால் அவள் ஆறு ஓட்டுவாள். திருப்பூருக்குப் போன புருஷன் திரும்பி வராமல் எட்டு வருடம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

"எனக்கு?" என்றாள்.

"ஒங்களுக்கு வெட்டரன்க்கா. அனுபவசாலின்னு அர்த்தம்."

சந்தனம் மூடியைத் திருகினாள். "அது இல்ல."

"அதான்க்கா."

"என்னயப் பாத்துச் சொல்லையில ஒன் ஒதடு ரெண்டு வாட்டி ஒட்டும். அஞ்சு மாசமாப் பாக்கேன். இப்பச் சொன்னதுல ஒருக்கக்கூட ஒட்டலையே."

தறிச் சத்தத்தில் வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள். மாரிச்செல்வியும் அப்படித்தான் பேசிவந்தாள். தன் உதட்டையும் அவர்கள் படிப்பார்கள் என்பது மட்டும் எப்படித் தோன்றாமல் போயிற்று?

"பாப்பர்" என்றாள் மாரிச்செல்வி. உதடு இரண்டு முறை ஒட்டியது. "இல்லாதப்பட்டவகன்னு அர்த்தம்."

 தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சந்தனம் இரண்டே சேலைகளை மாற்றி மாற்றி உடுத்தி வருவதைப் பார்த்திருந்தாள். வார்த்தை தேவைப்பட்டபோது கண்ணில் பட்டது அந்தச் சேலைதான். அரை நொடிகூட யோசித்திருக்க மாட்டாள்.

சந்தனம் சத்தம் போடவில்லை. "எனக்கு என்ன இல்ல?" என்று கேட்டாள், பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. பிறகு, "ஒத்த ஆளா நின்னு ஒரு வீட்ட நடத்துறவள ஒங்க இங்கிலீஸ்ல என்ன சொல்லுவாக?"

"தெரியலக்கா."

"முந்நூறு வார்த்தை இருக்கு. அதுல இது இல்லையாக்கும்?"

கரண்ட் வந்தது. தறிகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன.

மறுநாளிலிருந்து சந்தனம் தறிக்கு மறுபக்கம் நின்று, முதுகு காட்டி வேலை செய்தாள். மற்றவர்கள் மாரிச்செல்வியைக் கண்டதும் தங்கள் வார்த்தையைச் சொல்லச் சொல்லி முகத்தை நீட்டிக் காட்டினார்கள். ஞானபாக்கியம் முறுக்கை உயர்த்திக் காட்டினாள். ஆனால் நாள் முழுக்க எதிரில் இருப்பது அந்த முதுகுதான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரிந்த சொல்லும் வாயில் வர மறுத்தது. சனிக்கிழமை எண்ணிப் பார்த்தபோது இருபது சொற்கள் தொலைந்திருந்தன. இன்னும் இரண்டே வாரம்.

ஞாயிறன்று வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள். அத்தனை மாதத்தில் அதுவே முதல் தடவை. சந்தனத்தின் கேள்வியைக் கேட்டாள்.

"அது லிஸ்ட்ல இல்லையேம்மா. பரீச்சைக்கும் வராது" என்றார் பாலகணேஷ் சார்.

"வராட்டியும் வேணும் சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். வழக்கமாக என்றால் உட்கார்ந்திருப்பாள். இன்று கால் மடங்கவில்லை. மதிப்பெண்ணுக்கு ஆகாத ஒன்றைக் கேட்டு நிற்பது அவளுக்கே புதிதாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. சார் போர்டில் இரண்டு சொற்களை எழுதினார். பிரெட்வின்னர். ப்ரொவைடர்.

ராஜபாளையம் பஸ்ஸில் போனின் கறுப்புத் திரையில் தன் உதட்டைப் பார்த்தபடியே வந்தாள். தொடக்கத்தில் ஒட்ட வேண்டும். நடுவில் கீழுதட்டைப் பல் தொட வேண்டும். ஆறடி தள்ளி நிற்பவளுக்குத் தெரிகிற மாதிரி, அவசரப்படாமல். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

திங்கள்கிழமை, அறுந்த பாவு நூலுக்கு முடிச்சுப் போட சந்தனம் இந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்தாள். கையை ஆட்டிக் கூப்பிட்டு, முதல் வார்த்தையைச் சொன்னாள்.

சந்தனம் பார்த்தாள். திரும்பச் சொல் என்று விரலைச் சுழற்றினாள். மாரிச்செல்வி சொன்னாள். சந்தனம் தாடையை உயர்த்தி அர்த்தம் கேட்டாள். மாரிச்செல்வி வலது கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்ச் சோறு என்று காட்டினாள். பிறகு இரண்டு கைகளாலும் ஒரு பாரத்தைத் தரையிலிருந்து அள்ளித் தோளில் ஏற்றினாள். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

சந்தனம் இரண்டு விரலைக் காட்டினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஜோடி உண்டு என்பதை அவள் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். மாரிச்செல்வி ஜோடியையும் சொன்னாள்.

சந்தனம் ஞானபாக்கியத்தைச் சுட்டினாள். மாரிச்செல்விக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சொன்னாள், ஜோடியோடு. விரல் வாசலுக்குப் போனது. மைசர், ஜோடியோடு. புதுப் பெண்ணுக்குப் போனது. தறியிலிருந்து தறிக்கு விரல் தாவத் தாவ, தொலைந்த சொற்கள் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தன. சுற்று முடிந்ததும் சந்தனம் முடிச்சுப் போட்ட நூலின் மிச்ச நுனியைப் பல்லால் கடித்து அறுத்தாள். விரலைத் தன் நெஞ்சில் வைத்து, முகத்தை நிமிர்த்தி, மாரிச்செல்வியின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆறு தறிகளிலிருந்தும் வெள்ளைத் துணி இறங்கிக்கொண்டே இருந்தது.